குழாய் வாயில் வைத்த கும்பம்

தம்பையாவுக்குக் கோபம் வந்தால் மனிதர்களை ஒரு சொல் சொல்லமாட்டான். இரும்பைத்தான் திட்டுவான். "ஒன்னையச் செஞ்சவன் வெளங்குவானா?" என்று மரையாணியைக் கேட்பான். "ஒரு சுத்து சுத்துறதுக்கு ஒனக்கு அம்புட்டு வீம்பா?" என்று கொழுந்து அரைக்கும் ரோலரோடு மல்லுக்கட்டுவான். ஹாலிஎலவுக்கு மேலே கருங்காட்டுத் தோட்டத்தில் அவனுக்கு எஞ்சின் பார்க்கிற வேலை. தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். அந்த ஸ்டோரைக் கடந்து போகிற பெண்கள், உள்ளே வசவு கேட்டால், "இரும்புக்கு அர்ச்சனை நடக்குது" என்று சிரித்துக்கொண்டே போவார்கள்.

அவன் பெண்சாதி பூவம்மா கொழுந்து எடுக்கிறவள். வருஷம் முழுக்க சின்னராசா கங்காணியிடம் பேச்சு வாங்குகிறவள். முத்தல் இலையைப் பிடுங்கிவிட்டாய், கூடை நிறையவில்லை, காலையில் ஆள் கூட்டும் பெரட்டுக்குப் பிந்தி வந்தாய் என்று அந்த மனுஷனுக்குத் தினம் ஒரு சாக்குக் கிடைக்கும். ஆனால் மாரியம்மன் திருவிழாவில் தப்புப் பறையின் சத்தம் ஏறினால் போதும், பூவம்மா மேல் ஆத்தா வந்து இறங்கிவிடுவாள். முதலில் கீழுதட்டைக் கடிப்பாள். அப்புறம் இடது காலை ஓங்கித் தரையில் மிதிப்பாள். அதற்கப்புறம் ஒரு கூச்சல் வரும், அப்பப்பா, எதிர்மலைக்காரனும் எழுந்து உட்காருவான். அப்போது பார்க்கவேண்டுமே நம் கங்காணியாரை! தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "தாயே, புள்ளைங்க மேல என்ன குத்தம் கண்டே?" என்று பல்லெல்லாம் தெரியக் கும்பிட்டுக்கொண்டு நிற்பார்.

ஆத்தா மலையேறிய பிறகு பூவம்மாவுக்கு ஒன்றும் நினைவிருக்காது. ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு, "ஆத்தா என்ன சொன்னா?" என்று கேட்பாள். தம்பையாதான் சொல்வான். யாரோ வெளியூர்க்காரி சொல்லியனுப்பிய சேதியைப்போல அவள் அதை வாயைத் திறந்துகொண்டு கேட்பாள். அந்த ஒரு நாளின் மரியாதையை வைத்துத்தான் மற்ற நாளையெல்லாம் அவள் தள்ளினாள். தம்பையாவுக்கு அது நன்றாகத் தெரியும்.

ஜெர்மன்காரன் சண்டை வந்தது. சண்டை எங்கேயோ நடந்தது, மண்ணெண்ணெய் இங்கே நின்றுபோயிற்று. பண்டாரவளை ஸ்டேஷனிலிருந்து மாட்டுவண்டியில் வரவேண்டிய எண்ணெய்த் தகரங்கள் வரவில்லை. எண்ணெய் இல்லாவிட்டால் எஞ்சின் நிற்கும், எஞ்சின் நின்றால் ரோலர் நிற்கும், ரோலர் நின்றால் வாடப் போட்ட கொழுந்து தட்டிலேயே புளித்து நாறும். ஆகவே கொழுந்து எடுக்க ஆளே வேண்டாம் என்று காலைப் பெரட்டிலிருந்து பாதிப் பேரைத் திருப்பி அனுப்பத் தொடங்கினார்கள். வெறுங்கூடையோடு தாங்கள் குடியிருக்கும் லயத்துக்குத் திரும்புகிறவர்கள் ஸ்டோர்ப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்கள். எஞ்சின் நிற்பது என்னவோ தன் குற்றம் என்பதுபோல் தம்பையா தலையைக் குனிந்துகொள்வான்.

அந்தச் சமயத்தில்தான் அவன் ஏதோ ஆணி வாங்கப் பதுளை பசாருக்குப் போனான். அங்கே, அண்ணன் என்ற பொருளில் எல்லாரும் நானா என்று கூப்பிடும் இத்ரூஸ் என்பவர் பழைய இரும்புக் கடை வைத்திருந்தார். இளம் வயதில் கொழும்பில் ஒரு வேர்க்ஷாப்பில் வேலை பார்த்தவர். கதை சொல்ல ஆள் அகப்பட்டால் கடையை மறந்துவிடுவார்.

"எண்ணெய் இல்லாட்டி என்ன தம்பையா? நான் வேலை செஞ்ச எடத்துல எஞ்சின் கரிப்புகையைக் குடிச்சிட்டு ஓடினது."

"புகையக் குடிச்சா? நானா, காலங்காத்தாலே ஏமாளி ஒருத்தன் வந்துட்டான்னு பாக்குறீங்களா?"

"அல்லாஹ் அறிய உண்மை. மூடின அடுப்புல கரியைப் போட்டு, காத்தைக் கொஞ்சமா உள்ள விடணும். நெருப்பு முழுசா எரிய ஏலாது. அரையும் குறையுமா வெந்து ஒரு காஸை விடும். அந்தக் காஸை எஞ்சின் தானே உறிஞ்சி எடுக்கும். உள்ள போனதும் வெடிக்கும், எண்ணெய் வெடிக்கிற மாதிரியே."

தம்பையா ஆணியை மறந்தான். அடுப்பு எவ்வளவு உயரம், காற்று எங்கே நுழையும், காஸை எப்படிக் கழுவுவது என்று இத்ரூஸ் நானாவைக் குடைந்து எடுத்துவிட்டான். இரண்டு பழைய பீப்பாய்களையும் நீளக் குழாய் ஒன்றையும் அவரே வண்டியில் ஏற்றிவிட்டார். வண்டி கிளம்பும்போது பின்னாலேயே ஓடிவந்தார்.

"ஒண்டு சொல்றன், மறந்துடாத. அந்தக் காஸ் சத்தமில்லாம ஆளைத் தூக்கிடும். தலை கனத்தா, கண்ணு சொக்கினா, ஏன் எதுக்குன்னு யோசிச்சிக்கிட்டு நிக்காத. வெளிய ஓடு."

பீப்பாய்க்குள்ளே நெருப்புத் தாங்குகிற மண் பூசவேண்டும். லயத்துக்குப் பின்னால் ஒரு கறையான் புற்று இருந்தது. புற்றுமண்ணையும் உமியையும் சேர்த்துக் குழைத்தால் கல்லாய் இறுகும். தம்பையா மண்வெட்டியைத் தூக்கியபோது பூவம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"இது ஆத்தா குடியிருக்கிற எடம். அவ வீட்டு மண்ண அவளக் கேக்காமலா எடுப்பீங்க?"

"மண்ணு எடுக்குறதுக்கும் உத்தரவா?"

"கேட்டுட்டு எடுங்க."

அவளோடு வாதாட முடியுமா? பால் ஊற்றிக் கும்பிட்டு, "தாயே, கொஞ்சம் மண்ணு" என்று கேட்ட பிறகுதான் தம்பையா முதல் வெட்டு வெட்டினான். பூவம்மாவே மண்ணைக் குழைத்துக் கொடுத்தாள். வீட்டு அடுப்பு மெழுகுகிற கை அது. பீப்பாயின் உட்புறம் ஒரு வெடிப்பில்லாமல் வழவழவென்று அமைந்தது.

முதலில் காட்டு விறகையே வெட்டிப் போட்டுப் பார்த்தான். பச்சை விறகு கக்கிய தார் போன்ற கீல் எஞ்சின் வாயை அடைத்துக்கொண்டது. எஞ்சின் இருமிற்று, தும்மிற்று, நின்றுவிட்டது. அன்றைக்கு ஸ்டோரில் கேட்ட வசவை நான் இங்கே எழுதமுடியாது. அப்புறம் விறகைக் கரியாகச் சுட்டு அந்தக் கரியைப் போட்டான். காஸ் போகும் வழியில் ஈரத் தேங்காய் நாரை அடைத்து வடிகட்டினான். ஒரு விடிகாலையில் எஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்கி, கடகடவென்று ஓடத் தொடங்கியது. ஒரு சொட்டு மண்ணெண்ணெய் கிடையாது! தம்பையா திட்ட வாயெடுத்தவன் திட்ட ஒன்றும் கிடைக்காமல் அழுதுவிட்டான். அந்த வாரமே பெரட்டில் எல்லாருக்கும் வேலை கிடைத்தது. தம்பையன் அடுப்பு என்று அதற்கு லயமே பெயர் வைத்தது.

அடுப்பு நின்ற இடம் ஸ்டோரை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகை. மூன்று பக்கம் தகரம், நாலாவது பக்கம் பள்ளத்தாக்கைப் பார்த்துத் திறந்து கிடக்கும். அடுப்புக்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒரு குழாய் நெஞ்சுயரத்துக்கு நிமிர்ந்து நின்றது. எஞ்சின் நிற்கிற நேரத்தில் மிஞ்சிய காஸ் அந்த வழியாகத்தான் வெளியே போகும். அந்தக் குழாயை நீட்டிக் கூரைக்கு மேலே ஏற்றிவிடவேண்டும் என்று தம்பையா முதல் நாளே சொன்னான். இன்னும் ஒரே ஒரு குழாய் வேண்டும். அதைத் தோட்டத் துரையிடம் கேட்டு வாங்கித் தரவேண்டியவர் சின்னராசா கங்காணி.

"இன்னைக்குத் தொரை மூஞ்சி சரியில்ல தம்பையா" என்பார் கங்காணி. நாளைக்கும் அந்த மூஞ்சி சரியாக இருக்காது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்கமாட்டான் என்று சும்மாவா சொன்னார்கள்? கொட்டகை ஒரு பக்கம் திறந்துதானே கிடக்கிறது, ஊவா மலைக் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும் என்று தம்பையாவும் மனத்தைச் சமாதானம் பண்ணிக்கொண்டான்.

ஆயுத பூஜை வந்தது. தேயிலைச் செடி நறுக்கும் கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, ரோலர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம். அந்த வருஷம் பெரிய பூஜை தம்பையன் அடுப்புக்குத்தான் என்று லயத்தில் ஒரே பேச்சு. சோறு போட்ட அடுப்பல்லவா? எஞ்சினை நிறுத்தியாகிவிட்டது. அடுப்பு மட்டும் உள்ளே கனன்றுகொண்டிருந்தது. பூஜையும் அதுவுமாய் எரிகிற நெருப்பில் தண்ணீர் ஊற்றுவதாவது என்று பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மறுபடி மூட்டுவது பெரும்பாடு என்பதால் தம்பையாவுக்கும் அணைக்க மனமில்லை. அவன் குளிக்கப் போய்விட்டான்.

அவன் போன நேரத்தில் தூறல் பிடித்தது. பள்ளத்தாக்கிலிருந்து காற்று சுழற்றி அடித்தது. கற்பூரம் நிற்கவில்லை. பூசாரி இரண்டு தடவை ஏற்றினார், இரண்டு தடவையும் அணைந்தது. "அபசகுனமாயிருமே" என்று பெண்கள் கொழுந்துச் சாக்குகளையும் தங்கள் கம்பளிகளையும் கொண்டுவந்து, திறந்த பக்கத்தை மேலிருந்து கீழ்வரை மறைத்துக் கட்டிவிட்டார்கள். பூவம்மா கும்பம் ஜோடித்தாள். பித்தளைச் செம்பில் நீர் நிறைத்து, மாவிலை செருகி, தேங்காய் வைத்து, எங்கே வைக்கலாம் என்று சுற்றுமுற்றும் பார்த்தாள். நெஞ்சுயரத்தில் வட்டமாய் வாயைத் திறந்துகொண்டு நின்றது அந்தக் குழாய். செம்பின் அடி அதில் கச்சிதமாய் உட்கார்ந்தது.

"பாருங்கடி, கும்பம் வைக்கிறதுக்குன்னே எம்புருஷன் அளவெடுத்துச் செஞ்சிருக்காரு!" என்றாள்.

தம்பையா ஈரத் தலையோடு வந்தபோது அவனுடைய பீப்பாய்க்குப் புது வேட்டி கட்டியிருந்தது. சாமந்தி மாலை போட்டிருந்தது. குழாய் உச்சியில் கும்பம் தகதகத்தது. பசாரில் வாங்கிய பழைய இரும்பு அம்மனாகிவிட்டது. பூவம்மா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழாய் வாயும் திறந்த பக்கமும் அடைபட்டிருக்கிறதே என்று ஒரு கணம் அவனுக்கு உறுத்தியது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, கும்பத்தை எடு என்று எவன் சொல்வான்? பூஜை முடிய எவ்வளவு நேரம் ஆகிவிடப்போகிறது என்று நினைத்து, கும்பிட்டுவிட்டுச் சாக்குப் படுதாவின் ஓரமாய் நின்றுகொண்டான்.

பூஜை நீண்டுகொண்டே போயிற்று. கொட்டகைக்குள் கூட்டம் நெருக்கியது. தப்பு முழங்கியது. போக வழியில்லாத காஸ் அடுப்பு மூடியின் சந்திலும் பொருத்துகளிலும் கசிந்தது. சாம்பிராணிப் புகையில் அது யாருக்குத் தெரியும்? பூசாரி சொன்ன மந்திரத்தையே திரும்பச் சொன்னார். கங்காணி கொட்டாவி விட்டார். அடுப்புக்குப் பக்கத்தில் நின்ற பூவம்மா ஆடத் தொடங்கினாள்.

"ஆத்தா! ஆத்தா வந்துட்டா!" என்று கூட்டம் அலறியது. தப்புக்காரன் இன்னும் வேகமாய் அடித்தான். "மூஞ்சியப் பாருங்க, குங்குமமாச் செவந்திருக்கு!" என்றாள் ஒருத்தி. கங்காணி தலைப்பாகையை அவிழ்த்தார்.

தம்பையா பார்த்தான். அவள் உதட்டைக் கடிக்கவில்லை. இடது காலை மிதிக்கவில்லை. கால் இரண்டும் துணியாய்த் துவண்டன. கூச்சல் வரவேண்டிய வாயில் ஒரு சத்தமும் இல்லை. இது ஆத்தா இல்லை. ஐயோ, இது ஆத்தா இல்லை! அவனுக்கே தலை கனத்திருந்தது அப்போதுதான் உறைத்தது. பசாரில் வண்டிக்குப் பின்னால் ஓடிவந்த இத்ரூஸ் நானாவின் குரல் காதில் விழுந்தது.

"வெளிய ஓடுங்க! எல்லாரும் வெளிய ஓடுங்க!" என்று கத்திக்கொண்டு அவளைப் பிடிக்கப் பாய்ந்தான்.

இரண்டு பேர் அவனைக் கட்டிப்பிடித்தார்கள். "சாமி எறங்கின ஒடம்பத் தொடாதே! பைத்தியமா ஒனக்கு?" அவன் திமிறினான். அந்த இழுபறியில் தோள் பட்டுக் கும்பம் சரிந்து, தேங்காய் ஒரு பக்கமும் செம்பு ஒரு பக்கமுமாய் உருண்டது. "கும்பத்தத் தள்ளிட்டான் பாவி!" என்று ஓலம் எழுந்தது. தம்பையா யாரையும் பார்க்கவில்லை. சாக்குப் படுதாவை இரண்டு கையாலும் பற்றி, கயிறு தெறிக்க இழுத்துக் கிழித்தான். காற்று உள்ளே புகுந்தது. பூவம்மாவைத் தோளில் போட்டுக்கொண்டு தூறலுக்குள் ஓடினான்.

அவனை அடிக்கத் துரத்தி வந்தவர்கள் பாதி வழியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். பூசாரி வாந்தி எடுத்தார். தப்புக்காரன் தலையைப் பிடித்துக்கொண்டு குப்புறக் கிடந்தான். மற்றவர்கள் கொஞ்சம் கொஞ்சமாய்த் தெளிந்தார்கள். பூவம்மா மட்டும் கண்ணைத் திறக்கவில்லை.

மேட்டு விளிம்பில் காற்றுக்கு எதிரே அவளை உட்காரவைத்து, தன் நெஞ்சோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டான் தம்பையா. "பூவு, எந்திரிடி. பூவு, அந்த அடுப்பு வேண்டாம், ஒடைச்சிப் போட்ருறேன். எஞ்சின் வேண்டாம், ஒரு எழவும் வேண்டாம். ஒரு தடவ என்னையத் திட்டு, போதும்." கும்பம் வைத்தபோது அவள் சிரித்த சிரிப்பு திரும்பத் திரும்ப வந்து அவனை அறுத்தது. பார்த்தேனே, பார்த்துக்கொண்டு சும்மா நின்றேனே என்று நெஞ்சில் அடித்துக்கொண்டான்.

மழை அவள் முகத்தில் விழுந்தது. வெகுநேரம் கழித்து அவள் ஒருமுறை இருமினாள். பிறகு அவன் மடியிலேயே வாந்தி எடுத்தாள். அதைவிடப் பெரிய பிரசாதம் அவன் வாழ்நாளில் வாங்கியதில்லை. கண்ணைத் திறந்து மலங்க மலங்கப் பார்த்தாள். சுற்றி நின்ற கூட்டத்தைப் பார்த்தாள். கங்காணியின் இடுப்பில் கட்டியிருந்த தலைப்பாகையைப் பார்த்தாள். எப்போதும் கேட்கிறதைக் கேட்டாள்.

"ஆத்தா என்ன சொன்னா?"

கூட்டம் தம்பையாவைத் திரும்பிப் பார்த்தது. ஆத்தாவும் இல்லை ஒன்றுமில்லை, காஸ் அடித்துவிட்டது என்று சொல்லவேண்டியதுதான் உண்மை. சொன்னால் என்ன ஆகும்? நாளைக்கே லயத்தில், 'அப்ப போன வருசம் வந்ததும் காஸ்தானா?' என்று ஒருத்தி கேட்பாள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? இனி எந்தத் திருவிழாவில் கங்காணி இவள் முன்னால் தலைப்பாகையை அவிழ்ப்பார்? அதோடு, குழாயை அடைத்தது யார் கை என்றும் பேச்சு வரும். இரும்பை மட்டுமே ஏசிப் பழகிய அந்த மனிதன், மனிதர்களிடம் அதுவரை ஒரு பொய் சொன்னதில்லை.

"குழாயக் கூரைக்கு மேல ஏத்தச் சொன்னா" என்றான்.

கங்காணிக்குப் புருவம் ஏறியது. "எனக்கொண்ணும் கேக்கலையே?"

"ஒங்க காதுக்கிட்டல்ல தப்பு அடிச்சான், எப்படிக் கேக்கும்?"

"ஆத்தாவுக்கு எதுக்குய்யா குழாய்?"

"அடுப்பு பூராவும் புத்துமண்ணு, கங்காணியாரே. அவ குடியிருந்த மண்ணு. மூச்சு முட்டுதாம் அவளுக்கு. கொட்டகைய இனிமே மூடக் கூடாதாம். குழாய் வாயில பூவோ கும்பமோ எதுவும் வைக்கக் கூடாதாம். அவதான் கும்பத்தையும் தள்ளிவிட்டா. இதக் கேக்காட்டி உசிருச் சேதம் வரும்னா."

தலைவலியோடு உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் அந்தக் கடைசி வார்த்தை நன்றாக விளங்கியது. கங்காணி நனைந்த தலையோடு அப்படியே துரை பங்களாவுக்கு நடந்தார். துரை மூஞ்சி அன்றைக்கு எப்படியிருந்ததோ, குழாய் பதுளையிலிருந்து அடுத்த வண்டியிலேயே வந்து சேர்ந்தது. தம்பையா அதைக் கூரைக்கு மேலே ஏற்றி முடுக்கினான். ஒரு வசவுகூட இல்லாமல் முடுக்கினான்.

அதற்குப் பிறகுதான் அவனுக்கு வேதனை. பூவம்மா அந்தச் சேதியை லயம் லயமாய்ச் சொல்லிப் பூரித்துப்போனாள். "ஆத்தாவுக்குக் குழாய் வெவரமெல்லாம் தெரிஞ்சிருக்கு பாத்தீங்களா? இந்த மாதிரி ஒரு வாக்கு எம்வாயில இதுக்கு முந்தி வந்ததே இல்ல" என்று அவனிடமே வந்து சொல்வாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பான். அவளையும் ஏமாற்றி, ஆத்தாவின் பெயரையும் எடுத்துப் புழங்கிவிட்டோமே என்று உள்ளே அரித்தது. யாரிடமும் சொல்லவில்லை, இத்ரூஸ் நானாவிடம்கூடச் சொல்லவில்லை.

மாரியம்மன் திருவிழா வந்தது. தம்பையா கூட்டத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்றான். தப்பு ஏறியது. பூவம்மா கீழுதட்டைக் கடித்தாள். இடது கால் தரையை அறைந்தது. கூச்சல் மலையில் மோதித் திரும்பியது. கங்காணி குனிந்து நின்றார். அவள் அவரை ஒரு கையால் ஒதுக்கிவிட்டுக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு நேரே தம்பையாவிடம் வந்தாள். அவன் தலைமயிரைப் பற்றி இழுத்து, தப்புச் சத்தத்துக்கு நடுவே அவன் காதில் மட்டும் விழும்படி சொன்னாள்:

"எம்மண்ணுல அடுப்புப் போட்டவன் நீதானே? நான் சொல்லாததச் சொன்னவனும் நீதானே?"

"தாயே" என்றான் தம்பையா.

"அடுத்த தடவ கேட்டுட்டுச் சொல்லுடா" என்று ஒரு பிடி திருநீற்றை அவன் நெற்றியில் அப்பிவிட்டுப் போய்விட்டாள்.

ஆத்தா மலையேறினாள். பூவம்மா சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, "ஆத்தா என்ன சொன்னா?" என்று கேட்டாள். தம்பையா அவளைக் கூட்டத்திலிருந்து தள்ளி, அந்தப் பழைய புற்றடிக்கு அழைத்துப்போனான். ஆயுத பூஜை நாளிலிருந்து ஒன்றுவிடாமல் சொன்னான். காஸ், கும்பம், பொய், இப்போது காதில் விழுந்தது, எல்லாம் சொன்னான். சொல்லி முடித்துவிட்டு, அவள் என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றான்.

பூவம்மா புற்றில் ஒட்டியிருந்த காய்ந்த பூவை எடுத்துக் கீழே போட்டாள்.

"அன்னைக்கு ஊரே ஆத்தா வந்துட்டான்னு கும்பிட்டுச்சே. அவ வரலன்னு ஒங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுச்சு?"

"நீ ஒதட்டக் கடிக்கல. எடது கால மிதிக்கல."

அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"இத்தனை வருசமா எல்லாரும் ஆத்தாவயில்ல பாத்துக்கிட்டு நின்னாங்க. நீங்க என்னையவா பாத்துக்கிட்டு நின்னீங்க?"

தம்பையா, "கரி சுடணும், நேரமாச்சு" என்று சொல்லிவிட்டு, போகாமல் அங்கேயே நின்றான்.